பதினான்கு நாள் பத்தியம்

ஜனவரி 11

அக்காவுக்கு,

இந்த முகவரியைச் சித்தப்பாவிடம் கெஞ்சி வாங்கினேன். "அவ பதில் போடலைன்னா மறுபடி மறுபடி எழுதி அவளைப் படுத்தாதே" என்று சொல்லிவிட்டுத்தான் தந்தார். ஆறு வருஷம் கழித்து எழுதுகிறவன் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நலமா? அந்தப் பாட்டில் கம்பெனியில் வேலை கடினமா? அங்கே குளிர் என்று சித்தப்பா சொன்னார்.

எனக்கு ஏழு மாதமாக வயிறு சரியில்லை. டிப்போ கேன்டீனில் இன்னும் நான்தான் மாஸ்டர். காலை ஆறு மணி வண்டி எடுக்கிற டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் முதல் தட்டு என் கையால்தான் போகிறது. வயிறு எரிகிறது என்று அவர்களிடம் சொன்னால், "யாரைப் பாத்து மாஸ்டர்?" என்று சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ சூட்டுக் கரண்டியை வைத்து அழுத்துகிற மாதிரி ஆனது. சாப்பிடாவிட்டால் இன்னும் மோசம்.

ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா இளவயசுக்காரர், பொறுமையானவர். "ஒண்ணும் பயப்படாதீங்க, இது ஒரு பாக்டீரியா. இரைப்பைச் சவ்வுலயே குடியிருக்கும். உங்களுக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கும்" என்றார். வாடகை தராத குடித்தனக்காரன் என்று நான் சொன்னதற்கு அவர்கூடச் சிரித்தார். அதன் பெயரைச் சீட்டில் எழுதித் தந்தார். படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவின் சீட்டில் இருந்த அதே பெயர், அக்கா.

பதினான்கு நாளுக்கு மாத்திரை தந்தார். ஆறாம் நாளோடு நிறுத்திவிட்டேன். வாந்தியைப் பொறுத்துக்கொள்வேன். நாக்குதான். இரும்புச் சாவியை வாயில் அடக்கிக்கொண்டு இருப்பது போல நாள் முழுக்க ஒரு சுவை. உப்பு எது, புளிப்பு எது என்று தெரியவில்லை. ஒரு மதியம் நூற்றெண்பது தட்டும் அப்படியே திரும்பி வந்தன, உப்பு கரித்து. டிப்போ மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன ஆச்சு மாஸ்டர்?" என்று கேட்டார், அவ்வளவுதான். அதற்கு ஒரு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் சொல்லவில்லை. வேளாவேளைக்கு மாத்திரையைப் பிதுக்கிச் சிங்க்கில் போட்டுவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். அம்மாவுக்கு நீ இரண்டு வருஷம் சாப்பாட்டிலேயே பார்த்துக்கொண்டாய். வலி இல்லாமல் வைத்திருந்தாய். என்னவெல்லாம் கொடுத்தாய், எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதி அனுப்ப முடியுமா? நானே சமைத்துக்கொள்வேன். உனக்குச் சிரமம் இல்லை.

தம்பி

*

ஜனவரி 27

தம்பிக்கு,

கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நீ எனக்கு எழுத வேறு காரணம் இருக்காது என்று நினைத்தேன்.

அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்று முன்னறையில் நாற்பது பேர் இருந்தார்கள். "பத்தியம் பத்தியம்னு பட்டினி போட்டே கொன்னுட்டா" என்று அவர்கள் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னாய். ஒருத்தரும் உன்னைத் தடுக்கவில்லை. சித்தி என் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. கடிதத்தில் அதைப்பற்றி ஒரு எழுத்து இல்லை.

இப்போது அதே பத்தியம் உனக்கு வேண்டும்.

தர மாட்டேன். கோபத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நான் கொடுத்த சாப்பாடு அம்மாவின் வலியைத்தான் எடுத்தது. வலி போனதும் அவளும் நானும் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டோம். உள்ளே அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வலி இருந்திருந்தால் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். அந்தச் சாப்பாட்டை இனி யாருக்கும் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

மாத்திரையைச் சாப்பிடு. நாக்கு போனால் போகட்டும். உப்புப் பார்க்க வேறு ஆள் வைத்துக்கொள்.

என் வேலையைக் கேட்டிருந்தாய். வெள்ளை வெளிச்சப் பலகை ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும். விரிசல் இருப்பதை எடுத்துப் போட வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவார்கள், அதற்கு மேல் கண் பொய் சொல்லும். கடினம் இல்லை. விடுதி அறையில் நாலு பேர் இருக்கிறோம். அடுப்புக்கு முறை வைத்திருக்கிறோம்.

போனில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் வைத்துவிடுவேன்.

அக்கா

வெறும் வயிற்றில் டீ குடிக்கிற பழக்கம் இன்னும் இருந்தால் அதை விடு. இதைச் சொல்ல பத்தியம் தேவையில்லை.

*

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

ஞாபகம் இருக்கிறது. எழுதத் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

உன் பதில் வரும்வரைகூட நான் சும்மா இருக்கவில்லை, ஊரில் வைத்தியம் சொல்லாத வாய் எது. ஒரு கண்டக்டர் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு மூன்று பல் என்றார். மூன்று நாள் சாப்பிட்டேன். வண்டியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. முட்டைக்கோஸைப் பிழிந்து சாறு குடித்தேன். அம்மாவுக்கு நீ அதைக் கொடுத்தது மட்டும் நினைவில் இருந்தது. எவ்வளவு என்று தெரியாமல் பெரிய டம்ளர் நிறையக் குடித்து வயிறு மத்தளமாகிவிட்டது. தேன் சாப்பிட்டேன். வினிகர்கூடக் குடித்தேன், அதை மட்டும் திட்டாமல் விட்டுவிடு. கடைசியில் எது சாப்பிட்டாலும் வலிக்கிறது என்று வெறும் வேகவைத்த உருளைக்கிழங்கில் நின்றேன். ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. சட்டை ஹேங்கரில் தொங்குவது போலத் தொங்குகிறது என்று என் மகள் சொன்னாள். பதின்மூன்று வயசு ஆகிறது அவளுக்கு. நீ பார்த்தபோது இருந்த அதே வால்தனம், அதே பட்டப்பெயர், வாலு.

போன திங்கள்கிழமை சோற்று அண்டாவுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தேன். இடது முன்கை கொதி அண்டாவில் பட்டு உரிந்துவிட்டது. ஆளனுப்பி வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். மாத்திரையைச் சிங்க்கில் கொட்டிய விஷயமும் அன்றைக்கு வெளியே வந்தது. என் வீட்டுக்காரி கத்தவில்லை. "உங்கம்மாவைப் பாத்தேன். உங்களையும் அப்படிப் பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

டாக்டரம்மாவுக்கு இந்த முறை பொறுமை இல்லை. "பாதி மருந்து சாப்பிடறது சாப்பிடாம இருக்கறதைவிட மோசம். பொழச்ச கிருமி பாடம் கத்துக்கிட்டுப் பொழைக்குது. சாப்பாட்டால வலியைக் குறைக்கலாம், இதைக் கொல்ல முடியாதுங்க" என்றார். நீ எழுதியதையே அவரும் சொன்னார்.

நாளையிலிருந்து வேறு மாத்திரை. நாலு வகை, பதினான்கு நாள், முன்னதைவிடக் கடுமையாம். அதில் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு கேப்சூல் இருக்கிறது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்னேயும் பின்னேயும் பால், தயிர் எதுவும் கூடாதாம். பாலோடு போனால் மருந்து உடம்பில் சேராமலே போய்விடுமாம். பால் இல்லாமல் அதை எப்படி உள்ளே தங்க வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பத்தியம் வேண்டாம். மாத்திரையை வாந்தி எடுக்காமல் வைத்துக்கொள்ள எதைச் சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 26

தம்பிக்கு,

இது உன் கைக்கு வரும்போது பதினான்கு நாளும் முடிந்திருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் கைக்கு வேறு வேலை இல்லை.

காலையில் எழுந்ததும் அரிசியைக் குழைய வேகவிட்டு ஒரு கை அளவு. உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். அது இறங்கிய பிறகு மாத்திரை. உடனே படுக்காதே, நட. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் வாய்வாயாகக் குடி. பத்து மணிக்கு ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு. மதியம் பூசணியோ கேரட்டோ உருளையோ வேகவைத்து மசித்து, சோற்றோடு. எண்ணெய், மிளகாய், ஊறுகாய், காப்பி எதுவும் கிட்டே வரக்கூடாது. பச்சைப் பூண்டை உனக்குச் சொன்ன கண்டக்டரை நான் பார்த்தால் சொல்கிறேன். தயிர் சாப்பிடலாம், ஆனால் அந்த கேப்சூலுக்கு எட்டி இருக்கிற நேரத்தில். முட்டைக்கோஸ் சாறு அரை டம்ளருக்கு மேல் அம்மாவுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. அதுவும் வெந்நீர் கலந்து.

ஆரஞ்சும் மஞ்சளும் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்தபோது அடுப்புமுறை என்னுடையது. உலை பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. கூட இருக்கிறவள் வந்து உசுப்பினாள்.

அம்மாவுக்கும் அந்த கேப்சூல்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாத்திரை கசக்கிறது, குமட்டுகிறது என்று அவள் முகத்தைச் சுளிப்பாள். நான் பாலைக் காய்ச்சி, ஆற்றி, அதோடுதான் கொடுத்தேன். ஐந்து நாளும், இரண்டு வேளையும். நல்ல காரியம் நடந்தால் வயிற்றில் பால் வார்த்தாய் என்பார்களே, அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். "வயித்துல பால் வார்த்தே பொண்ணே, இப்பதான் எரிச்சல் அடங்குது" என்றாள்.

சீட்டில் அது எழுதியிருந்ததா இல்லையா என்று இப்போது யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். டாக்டர் சொன்னாரா? நான் வெளியே மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது சொல்லியிருப்பாரா? யாரைக் கேட்பது. முன்னறையில் நீ சொன்னது பொய் என்று ஆறு வருஷமாக எனக்கு ஒரு தைரியம் இருந்தது.

உன்னைப் போனில் கூப்பிடாதே என்று சொன்ன நான்தான் இரண்டு நாள் விடுதி வாசல் போனிலிருந்து உன் கேன்டீனுக்குக் கூப்பிட்டேன். பால் கூடாது என்பதை மறந்துவிடாதே என்று சொல்ல. பாத்திரச் சத்தம் கேட்டது. "யாரு?" என்றாய். குரல் அரையாகிவிட்டிருக்கிறது உனக்கு. வைத்துவிட்டேன்.

லீவு கேட்டேன். சூப்பர்வைசர் தாளைப் பார்த்துவிட்டு, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் பதினான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது என்றார். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றேன். என்ன உடம்பு என்றார். வயிற்றுவலி என்றேன். அதற்கு மேல் அந்த மொழியில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வயிற்றுவலிக்கெல்லாமா என்று அவர் முகம் கேட்டது.

பதினான்கு நாளும் சாப்பிட்டாயா என்று மட்டும் உடனே எழுது.

அக்கா

*

மார்ச் 14

அக்காவுக்கு,

சாப்பிட்டேன். ஒன்றுகூடக் கொட்டவில்லை. வாலு ஒரு தாளில் கட்டம் போட்டு ஒட்டிவைத்து, விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். அந்த மாத்திரைகளில் ஒன்று நாக்கைக் கரியாக்கிவிட்டது. கேன்டீனில் எல்லாருக்கும் நாக்கை நீட்டிக் காட்டினேன். "மாஸ்டருக்குக் கருநாக்கு, இனிமே நம்மளை ஒண்ணும் சொல்லாதீங்க, பலிச்சிடும்" என்று டிரைவர்கள் ஓடினார்கள். நாலு நாளில் சரியாகிவிட்டது. உப்பு இன்னும் பிடிபடவில்லை. அண்டாவுக்கு உப்புப் போடும்போது பாத்திரம் தேய்க்கிற அம்மாவைக் கூப்பிட்டுச் சுவை பார்க்கச் சொல்கிறேன். நீ சொன்ன வழிதான்.

உன் கடிதம் மாத்திரை முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றினேன். அன்றைக்குப் போன் செய்தது நீ என்று எனக்குத் தெரியாது. ஏதோ ராங் நம்பர் என்று நினைத்தேன்.

பாலைப் பற்றி நீ எழுதியிருப்பதற்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். சித்தப்பாவிடமிருந்து உன் விடுதி நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன், ஒருமுறை எண்களை அழுத்திவிட்டு நிறுத்திவிட்டேன். இதை என்னால் வாயால் சொல்ல முடியாது.

அம்மா மாத்திரை சாப்பிட ஆரம்பித்த ஐந்தாம் நாள் கேன்டீனுக்குப் போன் செய்தாள். மதிய நேரம். சுவரில் மாட்டியிருக்கிற போன், தோளில் இடுக்கிக்கொண்டு கரண்டியால் கிண்டிக்கொண்டே பேசினேன். வெளியே தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "கசக்குதுப்பா. குடலைப் பிடுங்கிட்டு வருது. உங்கக்கா விடமாட்டேங்கறா. நீ சொல்லேன் அவகிட்ட" என்றாள். நான், "முடியலைன்னா விட்டுடும்மா. நான் டாக்டர்கிட்ட கேட்டுக்கறேன். அக்காவை பத்தியமா ஏதாவது செஞ்சு தரச் சொல்லு" என்றேன். "நெஜமாவா?" என்று கேட்டாள். எனக்குச் சோறு அடிபிடித்துக்கொண்டிருந்தது. "நெஜமாத்தாம்மா" என்றேன்.

டாக்டரிடம் கேட்கவே இல்லை. மறுநாள் கேட்கலாம் என்று இருந்தேன், அப்புறம் மறந்துபோயிற்று. அவளுக்கு வலி இல்லை என்று தெரிந்ததும் அதைப் பற்றிய நினைப்பே வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து, வயிற்றில் புற்று என்று வந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியபோதுதான் நினைப்பு வந்தது.

முன்னறையில் உன் முகத்தைப் பார்த்ததும், நீ இதைச் சொல்லிவிடுவாய் என்று தோன்றியது. நாற்பது பேர் முன்னால், "இவன்தான் நிறுத்தச் சொன்னான்" என்று. நீ வாயைத் திறக்கும் முன்னால் நான் கத்திவிட்டேன். அவ்வளவுதான் அக்கா. வேறு காரணம் இல்லை.

நீ ஏன் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை?

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். உனக்குச் சேர வேண்டியது அவற்றில் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாதே, அதனால் சொல்லவில்லை. அம்மா அன்றைக்கு என்னிடம் வந்து, "தம்பி டாக்டர்கிட்ட கேட்டுட்டான். நிறுத்தலாம்னு சொல்லிட்டாராம். சாப்பாட்டுல பாத்துக்கலாமாம்" என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னாள். டாக்டரே சொல்லிவிட்டாரே என்று நானும் மாத்திரையை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். ஆறு வருஷமாக அந்த டாக்டரைத்தான் வைதுகொண்டிருந்தேன். முகம்கூட ஞாபகம் இல்லாத ஒரு மனுஷனை.

அம்மா பொய் சொன்னாளா, நீ கேட்பேன் என்றதைக் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாளா, அதையும் இனி யாரிடம் கேட்பது.

உன்மேல் கோபம் வருகிறது. ஆனால் அதற்கு நடுவில், நீ இரவு என்ன சாப்பிட்டிருப்பாய் என்றும் யோசனை ஓடுகிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வெளிச்சப் பலகை முன்னால் உட்கார்ந்தால் நல்ல பாட்டிலையெல்லாம் எடுத்துப் போடுகிறேன். நேற்று என்னை வரிசையிலிருந்து எழுப்பி அட்டைப்பெட்டி மடிக்கப் போட்டார்கள்.

மன்னிப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

சோதனை எப்போது? முடிவு வந்ததும் அதை மட்டும் எழுது.

அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

முடிவு வந்தது. கிருமி போகவில்லை.

ஒரு பையில் ஊதச் சொல்லித்தான் பார்த்தார்கள். இருக்கிறது என்று வந்ததும் மறுபடி குழாய் விட்டு, கொஞ்சம் சதை எடுத்து அனுப்பினார்கள். சவ்வு மெலிந்து, சில இடத்தில் மாறத் தொடங்கியிருக்கிறதாம். "இது புற்று இல்ல. ஆனா வருஷா வருஷம் பாக்கணும்" என்று டாக்டரம்மா சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதி வீட்டில் இருக்கிறவளுக்குக் கேட்டது, இரண்டாம் பாதி எனக்குக் கேட்டது. எந்த மருந்துக்கு இந்தக் கிருமி பணியும் என்று பார்க்க அந்தச் சதையை வேறு பெரிய இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது வரும்வரை மாத்திரை இல்லை. நீ எழுதிய சாப்பாடுதான். பத்து மணிக்கு ரொட்டி, மதியம் மசித்த பூசணி. வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது என்று சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது.

மேனேஜர் என்னை அண்டாவிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார். அரிசி மூட்டையை எண்ணுகிறேன், காய்கறியைப் பிரித்துப் போடுகிறேன். உடம்பு தேறட்டும் என்றுதான் சொன்னார். வாயில் வைத்த கரண்டியை அண்டாவில் விடுகிறவன் என்று யாரோ பேசியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் நான் அப்படிச் செய்ததில்லை.

இதெல்லாம் கூடப் போகட்டும். வீட்டில் எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரிக்கு இல்லை. வாலுவுக்கு இருக்கிறது.

கேட்டால், அவளுக்கும் நாலு மாதமாக வயிற்றுவலியாம். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன். "உனக்கு வலிக்குதுன்னு எல்லாரும் உன்னையே பாத்துட்டிருந்தாங்க" என்றாள். மூன்று வயசிலிருந்து என் தட்டில்தான் சாப்பிடுவாள். சின்னதில் என் வாயிலிருந்து எடுத்து ஊட்டினால்தான் விழுங்குவாள். டாக்டரம்மா, எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, தண்ணீரிலிருந்துகூட வந்திருக்கலாம் என்கிறார். எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் அவளுக்கு மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். பதினான்கு நாள். நான் விழுங்கியதைப் பார்த்தவள், அதனால் இப்போதே மாட்டேன் என்கிறாள். "கசந்தா நான் துப்பிடுவேன்" என்கிறாள். நான் அதட்டப் போனால், "நீ மட்டும் சிங்க்குல கொட்டலையா?" என்கிறாள்.

எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அவள் நான் சொன்னால் கேட்க மாட்டாள். என் பேச்சில் அவளுக்கு என்ன மரியாதை இருக்கும். நீ ஒரு கடிதம் அவளுக்கு எழுது. அத்தை என்று அவளுக்கு நீ ஒருத்திதான்.

தம்பி

*

மே 24

தம்பிக்கு,

அவள் மாத்திரை ஆரம்பித்தபின் கடிதம் எழுதினால் அது பதினான்காம் நாளைக்குப் பிறகுதான் வந்து சேரும். அந்த விளையாட்டு போதும்.

வருகிறேன். ஒப்பந்தத்தை முறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் மறுபடி காரணம் கேட்டார். அம்மாவைக் கொண்டுபோன நோய்க்கு அந்த மொழியில் என்ன சொல் என்று கூட இருக்கிறவளிடம் கேட்டுக்கொண்டு போயிருந்தேன். சொன்னேன். தலையை ஆட்டினார். திரும்பி வந்தால் எடுத்துக்கொள்வோமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

ஜூன் எட்டாம் தேதி காலை பஸ்ஸில் இறங்குவேன். நீ கூப்பிட வராதே. உன் வீட்டுக்காரியை அனுப்பு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அதைக் கொல்லுகிற சாப்பாடு எதுவும் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் அம்மா இருந்திருப்பாள். அந்தப் பெண் விழுங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் வருகிறேன். அவள் துப்பினால் துடைத்துவிட்டு அடுத்ததைக் கொடுப்பேன். டாக்டரம்மாவைப் பார்த்து எதை எதோடு கொடுக்கக்கூடாது என்று நானே கேட்டு எழுதிக்கொள்வேன்.

உன்னோடு பேச வரவில்லை. பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. இரண்டு பேருக்கும் அது நல்லது.

வீட்டில் ஊறுகாய் இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடு.

அக்கா

*

செப்டம்பர் 21

அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. உனக்கு மறுபடி அங்கேயே வேலை கிடைத்தது என்று சித்தப்பா சொன்னார். வெளிச்சப் பலகையா, அட்டைப்பெட்டியா?

போன வாரம் மூன்று பேரையும் சோதித்தார்கள். வாலுவுக்கு இல்லை. சுத்தமாகப் போய்விட்டது. சீட்டை வாங்கியதும் டாக்டரம்மா அவள் கன்னத்தைத் தட்டி, "உங்க அத்தை பெரிய ஆளு" என்றார். நீ அவரிடம் கேட்ட கேள்விகளை அவர் இன்னும் மறக்கவில்லை. ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு போனாயாம்.

எனக்கு இருக்கிறது. அவளோடு சேர்ந்து நானும், பெரிய இடத்து ரிப்போர்ட்டைப் பார்த்துத் தந்த அந்த மூன்றாவது வகை மாத்திரையைப் பதினான்கு நாளும் சாப்பிட்டேன், நீயே பார்த்தாய். ஒரே மேசையில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். "உங்கப்பாவைத் தண்ணியை மெதுவாக் குடிக்கச் சொல்லு" என்று அவளிடம் சொல்வாய். "அப்பா, அத்தை மெதுவாக் குடிக்கச் சொல்றாங்க" என்று அவள் சொல்வாள். மூன்று முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பத்தொன்பது நாள் அப்படியே பேசினோம். அவளுக்கு அது பெரிய வேடிக்கை. நடுவில் சொந்தமாகவும் சேர்த்துக்கொள்வாள். "அத்தை உன்னை எனக்கு சைக்கிள் வாங்கித் தரச் சொன்னாங்க" என்று ஒருநாள் சொன்னாளே, நீ சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போனாய். நான் பார்த்தேன்.

இப்போதைக்கு வேறு மருந்து வேண்டாம், கொஞ்ச நாள் உடம்பு ஆறட்டும், வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்ப்போம் என்கிறார்கள். எதையாவது கண்டால் அப்போது பார்த்துக்கொள்வார்களாம். அதுவரை சாப்பாடுதான். காரம் இல்லை, உப்பு அளவு, வேளை தவறக்கூடாது. இது அதைக் கொல்லாது என்று எனக்கும் தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். வீட்டில் இருக்கிறவள் மட்டும் ஒவ்வொரு தட்டையும் மருந்து மாதிரி கொண்டுவந்து வைக்கிறாள். நானும் அப்படியே சாப்பிடுகிறேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எப்படிச் சாப்பிடுவது.

ஸ்டோர் ரூமில்தான் இன்னும் இருக்கிறேன். நாக்கு திரும்பிவிட்டது. ஆனால் அண்டாவுக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. புது மாஸ்டர் நன்றாகச் சமைக்கிறான். கொஞ்சம் உப்பு தூக்கல், நான் சொல்வதில்லை.

நீ ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் வாலு ஜன்னலோரமாக நின்று உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பையை மேலே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். பஸ் கிளம்பும்போது, அவளைத் தாண்டி நேராக என்னைப் பார்த்து, "பசிக்கட்டும்னு காத்திருக்காதேடா. நேரமானா சாப்பிடு" என்றாய். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வண்டி திரும்பிவிட்டது. கடிதத்தில் எழுதலாம் என்று மூன்று மாதமாகப் பார்க்கிறேன். என்ன சொல்ல இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு மணி ஆகிறது. பசிக்கவில்லை. டப்பாவைத் திறக்கப் போகிறேன்.

தம்பி